தீவகம் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பத்து நாளில் இலங்கை முழுவதும் சுற்றத் திட்டம். யாழ்ப்பாணத் தீவுகள் ஏழையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
*மதுரையிலிருந்து ஒரு வாசகர்*

கடற்காகத்துக்கே கஷ்டம். கண்டி, நுவரெலியா, காலி எல்லாம் ஓடி முடித்துக் கடைசி நாளைத் தீவகத்துக்கு ஒதுக்குகிறவர்கள், குறிகட்டுவான் இறங்குதுறையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே பொழுதைக் கழிக்கிறார்கள். இங்கே நேரம் வைத்திருப்பது படகு.

ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் நயினாதீவு. யாழ்ப்பாணத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். பண்ணைத் தாம்போதி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, மறுபடி கடலைக் கிழித்துப் போகும் ஒரு தாம்போதி, புங்குடுதீவு, குறிகட்டுவான். அங்கிருந்து படகில் கால்மணி, இருபது நிமிடம். இந்த பஸ் பயணத்திலேயே இரண்டு பெருந்தீவுகளைக் கடந்துவிடுவீர்கள். ஜன்னலோரம் இடம் பிடியுங்கள்.

இரண்டு நாள் என்றால் நெடுந்தீவு, அதுவும் ஓர் இரவு தங்கி. மூன்றாவது நாளும் கிடைத்தால் ஊர்காவற்றுறை. அங்கிருந்து காரைநகருக்கு ஆளையும் வாகனத்தையும் சேர்த்து ஏற்றிக் கடக்கும் 'பாதை' ஓடுகிறது. அதில் நின்றால் நீருக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது, குடிதண்ணீர் இல்லாமல் தவித்து 1658இல் ஒல்லாந்தரிடம் சரணடைந்தது. நாலு பக்கமும் கடல், குடிக்க ஒரு வாய் இல்லை. தீவகத்தின் பாதிக் கதை அந்தக் கோட்டையிலேயே இருக்கிறது. மீதியைக் கீழே ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

படகில் சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னுரிமை உண்டா?
*கொழும்பு, வெள்ளவத்தை*

இருக்கவே கூடாது. அந்தப் படகில் வருகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஆசிரியர், கச்சேரியில் ஒரு கையெழுத்துக்காக முழு நாளையும் செலவழிக்கப்போகிற விவசாயி. அரிசி மூட்டையும் எரிவாயு சிலிண்டரும் அதில்தான் வருகின்றன. நெடுந்தீவாருக்கு அது றோட்டு. விடுமுறை நாளில் வெளியூர்க் கூட்டம் முந்திக்கொண்டு ஏறிவிட, வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் கரையில் நிற்பதைக் கண்டால் நெஞ்சு கொதிக்கிறது. நீங்கள் அடுத்த படகில் போனால் ஒரு படம் குறையும். அவர் அடுத்த படகில் போனால் ஒரு நாள் போய்விடும்.

நயினாதீவு இந்துக்களின் இடமா, பௌத்தர்களின் இடமா? ஒரே வரியில் பதில் வேண்டும்.
*திருச்சி*

இரண்டு பேருடையதும்.

ஒரு வரி முடிந்தது. ஆனாலும் விட மனமில்லை. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானம் செய்யப் புத்தர் வந்த இடம் இதுவென்பது மகாவம்சத்தை வைத்துச் சிங்கள மக்கள் கொண்டிருக்கும் நம்பிக்கை. மணிமேகலை வந்திறங்கிய மணிபல்லவம் இதுதான் என்று சொல்லும் தமிழறிஞர்களும் உண்டு. கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காப்பியத்தை அங்கே மதியச் சோறாகப் பரிமாறுகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் பார்க்காமல் வருகிற ஒன்று உண்டு. கோயிலில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டு. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன் தன் கட்டளையைத் தமிழில் வெட்டுவித்திருக்கிறான். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் பாதிக்குப் பாதி. கரையொதுங்கியதெல்லாம் அரசனுக்கே என்று வாரிக்கொள்ளாமல், எல்லாம் இழந்து நிற்கிறவனுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த சட்டம். எண்ணூறு வருடத்துக்கு முன்பே பயணிக்கு உரிமை எழுதி வைத்த துறை இது. அந்தக் கல் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

நெடுந்தீவில் பார்க்க என்ன இருக்கிறது? குதிரையைத் தவிர.
*லண்டன்*

மதில்.

சிரிக்காதீர்கள். இறங்குதுறையை விட்டு உள்ளே போகப் போக, வளவுக்கு வளவு முருகைக்கல் மதில்கள். சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை. கல்லின்மேல் கல்லாக, ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு அமர்கிற மாதிரிப் பொறுக்கி அடுக்கியது. கிட்டப்போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு கல்லிலும் கடலுக்கடியில் அது உயிரோடிருந்த காலத்து வரிகள், நட்சத்திரம் நட்சத்திரமாகப் பதிந்திருக்கும். கல்லிடுக்கால் மறுபக்க வெயில் தெரியும். அந்த இடுக்குகளால் காற்று ஊடுருவிப் போவதால்தான் சோழகக் காற்றிலும் மதில் சாயாமல் நிற்கிறது. மரம் அரிதான தீவில் வேலிக்குக் கதியால் தேடாமல் கடல் கொடுத்ததையே எடுத்துக் கட்டிய கை, எந்தக் கோட்டை கட்டிய கைக்கும் குறைந்ததல்ல. தயவுசெய்து அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். ஒரு கல் சரிந்தால் பத்துக் கல் சரியும். திருப்பி அடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

மற்றவை: ஆள் உள்ளே நுழையக்கூடிய பெருக்கமரம், இடிந்த கோட்டை, வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்தில் பழைய பௌத்த தூபிகளின் எச்சம், ஒல்லாந்தர் காலக் குதிரை லாயத்தின் தூண்கள். குதிரைகளும்தான். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் பண்ணை வைத்து வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வறட்சிக் காலத்தில் நீர்நிலைகள் வற்றினால் குதிரைகள் தவிக்கின்றன. துரத்தி ஓடவைத்துக் காணொளி எடுக்கிறவர்கள், தாகத்தோடு நிற்கும் பிராணியை ஓடவைக்கிறோம் என்பதை நினைக்கவேண்டும்.

'குமுதினி' என்ற படகின் பெயரைச் சொன்னதும் நெடுந்தீவுப் பெரியவர் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஏன்?
*சென்னை*

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்; குழந்தையும் தப்பவில்லை. செய்தவர்கள் கடற்படையினர் என்பது உயிர்தப்பியவர்களின் சாட்சியம். சர்வதேச மன்னிப்புச் சபை பதிந்தது குறைந்தது 23 பேர். ஊர் சொல்லும் கணக்கு அதைவிடக் கூட.

அந்தப் படகு அதற்குப் பிறகும் பல வருடம் அதே கடலில் அதே சனத்தை ஏற்றி இறக்கியது. வேறு வழி இருக்கவில்லை. உறவைப் பறிகொடுத்தவர் மறுபடி அதே பலகையில் குந்தியிருந்து சந்தைக்குப் போய் வந்தார். ஒவ்வொரு மே 15உம் நெடுந்தீவில் நினைவுகூருகிறார்கள். அந்தப் பெரியவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் கேள்வியை நிறுத்துங்கள். அவராகச் சொன்னால் முழுக்கக் கேளுங்கள்.

சுற்றிவரக் கடல் இருக்கும் தீவில் கிணற்று நீர் எப்படி இனிக்கிறது? சில இடத்தில் ஏன் உவர்க்கிறது?
*கோயம்புத்தூர் வாசகி*

மழைதான் காரணம். மணலுக்குள்ளும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. வேலணைப் பக்கம் சாட்டி, மண்கும்பான் மணற்பரப்பில் இந்த நன்னீர் கிடைக்கிறது. பட்டையால் அள்ளிய காலத்தில் தங்கியது. மோட்டர் பூட்டி அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறியது இலேசில் இறங்காது. ஆகவே நீங்கள் தங்கும் வீட்டில் ஒரு வாளியில் குளியுங்கள். இரண்டாவது வாளி அந்த வீட்டின் நாளைய தண்ணீர்.

ஆனால் தீவகத்தில் தண்ணீர்க் கஷ்டம் நிலத்தால் மட்டும் வந்ததில்லை, மனிதராலும் வந்தது. புங்குடுதீவு கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அள்ளக்கூடாது என்று தடுத்தார்கள். 1971இல் அவர்களுக்காக நின்றவர் அதே ஊரின் எழுத்தாளர் மு. தளையசிங்கம். பொலிஸாரிடம் அடிவாங்கினார், 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்னே மறைந்தார். 'மெய்யுள்' எழுதியவர் என்று இலக்கிய வாசகர் அவரை அறிவார்கள். எனக்கு அவர் எழுதியதில் எல்லாம் பெரியதாகத் தெரிவது அந்தக் கிணற்றடியில் நின்றதுதான். புங்குடுதீவைப் படகுக்குப் போகும் வழியாக மட்டும் கடந்துவிடாதீர்கள்.

தீவகத்துக்கு வருகிறவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். தீவகத்திலிருந்து உலகம் பார்க்கப் புறப்பட்டவர் யாருமில்லையா?
*வவுனியா*

ஊருக்கு ஊர் உண்டு. கொழும்பிலும் மலைநாட்டிலும் தெற்கிலும் கடை வைத்த தீவார் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர்கள். ஒருவரைச் சொல்லென்றால் தனிநாயகம் அடிகள். 1913இல் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பனில் பிறந்தார். தமிழை முறையாகப் படித்தது குருவானபின் தமிழ்நாட்டு வடக்கன்குளத்தில். பிறகு தமிழைத் தேடியே உலகம் சுற்றினார். ஐரோப்பிய நூலகங்களில் தூங்கிக்கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு முதுகெலும்பு அவர். 'ஒன்றே உலகம்' அவருடைய பயண நூல். பயணம் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.

எங்கே தங்கலாம்? என்ன சாப்பிடலாம்?
*பரிஸ்*

உள்ளூர் வீட்டில் தங்குங்கள், உள்ளூர் ஓட்டோவில் போங்கள், காசு தீவிலேயே நிற்கட்டும். முதல் நாளே சொல்லிவைத்தால் ஒடியற்கூழ் கிடைக்கும்: நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில், பிலாவிலையில் கோலிக் குடிக்க. திரும்பும்போது பனையோலைப் பெட்டி ஒன்று. விலை பேசாதீர்கள், ஓலை வார்ந்து, காயவைத்து, பின்னி முடிக்க எத்தனை நேரம் என்று பின்னியவரிடமே கேளுங்கள், வாய் தானாக மூடும். தண்ணீர்ப் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோங்கள். தீவில் போட்ட பிளாஸ்ரிக் தீவிலேயேதான் கிடக்கும்.

அம்மம்மாவின் வீடு புங்குடுதீவில் பாழடைந்து கிடக்கிறதாம். பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா, அல்லது மனம் நொந்துபோகுமா?
*ரொறன்ரோ*

கூட்டிப்போங்கள். மனம் நோகும், நோகட்டும். 1990, 1991இல் சண்டைக்குப் பயந்து சனம் இடம்பெயர்ந்தபின் அங்கே பல வீடுகள் அப்படியேதான். கூரை இல்லாத நடுவறையில் மரம் வளர்ந்திருக்கும். பிள்ளைகள் முதலில் கேட்பது "ஏன் போனீர்கள்" என்று. தொலைபேசியில் சொல்லிப் புரியவைக்க முடியாத பதிலை அந்தத் திண்ணையில் இருந்து சொல்லலாம்.

காலையில் போங்கள், பற்றையில் பாம்பு இருக்கும். பாழ்க்கிணற்றின் கட்டு இடிந்திருக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பக்கத்து வளவில் இப்போதும் இருக்கிறவரிடம் முதலில் போய் அறிமுகம் சொல்லுங்கள். இத்தனை வருடம் அந்த எல்லையைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். காணி உறுதியின் பிரதியும் கையில் இருக்கட்டும்.

எந்த மாதம் நல்லது?
*பெங்களூர்*

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜூன், ஜூலையில் சோழகம் அடிக்கும், நெடுந்தீவுப் படகு குலுங்கும். நவம்பர், டிசம்பர் வாடை மழைக்காலம், படகு நிற்கவும் கூடும். நயினை அம்மன் திருவிழா ஆனியில்; கூட்டம் பிடிக்குமென்றால் அப்போது வாருங்கள். பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ கச்சதீவு அந்தோனியார் திருவிழா. அந்த நாட்களில் குறிகட்டுவான் படகுகள் பல அந்தப் பக்கம் போய்விடும். நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் திகதியை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதை, போகும் படகிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.