அஞ்சு பேர் சார்

பெரிய அலுவலகம் எதிலாவது புதிதாக ஒரு மென்பொருள் வந்து இறங்கினால், அதன் பின்னாலேயே இவரும் வந்து இறங்குவார். கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் லேப்டாப், கையில் ஸ்டாப்வாட்ச் ஓடும் செல்போன். மேஜை மேஜையாக நின்று, "ஒரு அஞ்சு பேர் வேணுமே, இருபதே நிமிஷம்" என்பார். பேச்சு, கோப்பு, காலண்டர், ஒப்புதல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு, மொத்த செக்‌ஷனையும் கூடி வேலை செய்ய வைக்கப்போகிற மென்பொருள் அது. மனிதர் கைக்கு அது படிகிறதா என்று பார்த்துச் சொல்வது இவர் உத்தியோகம். விசிட்டிங் கார்டில் அதற்கு இரண்டு வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அவர் அஞ்சு பேர் சார்.

அஞ்சு என்பது அவராகப் பிடித்த எண் இல்லை. ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் 2000-ல் எழுதிவைத்த கணக்கு. அஞ்சு பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே கோளாறுகளில் ஏறத்தாழ 85 சதவீதம் அகப்பட்டுவிடும், அதற்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் அதே புலம்பலைத்தான் புலம்புவார்கள் என்றார். கணக்கில் குற்றம் இல்லை. அஞ்சு பேர் கிடைக்கிற விதத்தில்தான் சிக்கல். மாதக் கடைசியில் மென்பொருளோடு மல்லுக்கட்டப்போகிற அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கு நேரம் இல்லை. கொள்முதல் பிரிவுக்காரர் காதிலிருந்து போனை எடுப்பதே இல்லை. ஆனால் எந்நேரம் கூப்பிட்டாலும் எழுந்து வருகிற அஞ்சு பேர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார்கள். அவர்கள் ஏன் எந்நேரமும் சும்மா இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வேலை செய்வதற்கான மென்பொருள் எல்லாம் இப்படி அவர்கள் சொல் கேட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

இன்னொரு விசித்திரம். கூடி வேலை செய்கிற மென்பொருளை ஆளைத் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டுதான் சோதிப்பார். ஒருவர் பதிலைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிடக்கூடாதாம். ஒற்றை ஆளைக் களத்தில் இறக்கிவிட்டு, கபடி ஆட எப்படி இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான்.

ஒருநாள் தப்பித்தவறி அக்கவுண்ட்ஸ் மேடமே மாட்டிக்கொண்டார்.

"மனசுல ஓடறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க மேடம்" என்றார் சார். இது உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ள முறை. ஆனால் மனசில் ஓடுவதை வாய்க்கு வரவிடாமல் காத்துக் காத்துத்தான் அந்த அம்மாள் சீனியர் ஆகியிருக்கிறார்.

"நல்லா இருக்கு சார்."

"இன்னும் ஒண்ணுமே அழுத்தலையே மேடம்."

"பார்க்க நல்லா இருக்கு."

"சரி, இப்ப என்ன தோணுது?"

"ஏசி கொஞ்சம் ஜாஸ்தி."

சார் அதையும் குறித்துக்கொண்டார். மேடம் மெதுவாக அம்புக்குறியை நகர்த்தி, 'பகிர்' என்ற பொத்தான் மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதை அழுத்தினா யாருக்கு சார் போகும்?"

"குரூப்ல இருக்கிற எல்லாருக்கும்."

"டைரக்டருக்கும்?"

"ஆமா மேடம்."

மேடம் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டாப்வாட்ச் பாட்டுக்கு ஓடியது. சார் எழுதிய குறிப்பைப் பிறகு நான் பார்த்தேன்: 'பொத்தானை 4 வினாடியில் கண்டுபிடித்தார். அழுத்தவில்லை. நிறத்தை மாற்றிப் பார்க்கலாம்.'

சோதனை முடிந்ததும் ஒரு தாள் நீட்டுவார். டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்த ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய பத்து வாக்கியக் கேள்வித்தாள் அது. ஒன்றுக்குப் புகழ்ச்சி, அடுத்ததற்கு இகழ்ச்சி என்று மாறி மாறி வரும். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போடவேண்டும். நம் ஆட்களுக்கு ஐந்துக்குக் குறைத்துப் போட மனசு வராது. 'பயன்படுத்த எளிது' என்றதற்கு ஐந்து. 'தேவையில்லாத சிக்கல்' என்றதற்கும் ஐந்து. தாராளம். புகழ்ச்சியில் ஒன்றைக் கழித்து, இகழ்ச்சியை ஐந்திலிருந்து கழித்து, கூட்டி, இரண்டரையால் பெருக்கினால் நூற்றுக்கு 50 வரும். புரொமோஷன் கிடைக்காத கடுப்பில் ஒருவர் பத்துக்கும் ஒன்று போட்டார். அவருக்கும் 50. எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் மூன்று போட்டார் இன்னொருவர். அவருக்கும் அதே 50. பொதுவாக ஒரு மென்பொருள் 68 வாங்கினால் சராசரி என்பார்கள். பக்தி, பகை, பயம் மூன்றும் ஒரே மதிப்பெண்ணில் வந்து முடிந்ததைப் பார்த்த சார், 'பயனர்களிடையே அபூர்வமான கருத்தொற்றுமை' என்று ஸ்லைடு போட்டார்.

அவர் படிக்காதவர் இல்லை. 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸைப் பிடித்து உட்கார்ந்து, மைல் கணக்கில் தள்ளியிருந்த சகாவோடு ஒரே திரையில் வேலை செய்து காட்டியதை, நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் ஜோனதன் க்ரூடின் 1988-ல் எழுதிய ஒரு கட்டுரை மட்டும் அவர் கண்ணில் படாமலே போயிற்றோ என்று எனக்குச் சந்தேகம். கூட்டு வேலை மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்பதற்கு அதில் ஒரு காரணம் இருக்கிறது. உழைப்பு ஒருத்தர் தலையில், பலன் இன்னொருத்தர் மடியில். மீட்டிங்குக்குத் தானாக நேரம் குறித்துத் தரும் காலண்டரைத்தான் க்ரூடின் உதாரணம் காட்டுகிறார். அது ஓடவேண்டுமானால் எல்லாரும் தங்கள் பொழுதை அதில் எழுதிவைக்க வேண்டும். லாபமோ மீட்டிங் கூட்டுகிறவருக்கு. இந்த வகை மென்பொருளை எடைபோடுவதே கடினம் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது.

எங்கள் செக்‌ஷனில் அந்தக் காலண்டர் ஓடிய அழகைச் சொல்லவேண்டும். காலி இடம் கண்ணில் பட்டால் மீட்டிங் வந்து விழுகிறது என்று தெரிந்ததும், எல்லாரும் காலண்டரில் 'க்ளையன்ட் கால்' என்று நிரப்பிவிட்டார்கள். ஒருவர் தினம் இரண்டிலிருந்து நான்குவரை அதைப் போட்டு வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் குறட்டை நன்றாகவே கேட்கும். மேனேஜர் காலண்டரை நிரப்புவது அவருடைய பி.ஏ. அந்த அம்மாள் நம்புவது மேஜை டிராயரில் இருக்கும் டைரியை. சார் அறிக்கையில், 'காலண்டர் பயன்பாடு: மிகச் சிறப்பு.'

கேபிபாரா வந்த கதையும் உண்டு. கூகுள் டாக்ஸில் கணக்குக்குள் நுழையாமல் லிங்க் வழியாக மட்டும் வருகிறவருக்கு, பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரைச் சூட்டிவிடுவார்கள். ஆண்டறிக்கையை நாலு பேர் சேர்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மதியம், மேல் மூலையில் 'பெயரற்ற கேபிபாரா' என்று ஒன்று வந்து நின்றது. டைரக்டர் வீட்டு டேப்லெட்டில் பார்க்கிறார் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். நாலு கர்சரும் அப்படியே நின்றன. அதற்குச் சற்று முன்னால் வெட்டி எறிந்த டைரக்டர் உரை முழுசாகத் திரும்பி வந்தது, 'தொலைநோக்குமிக்க' என்ற அடைமொழி சேர்ந்து. கால் மணி நேரம் இருந்துவிட்டுக் கேபிபாரா போய்விட்டது. டைரக்டரா, கேன்டீனில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ட்ரெய்னியா, இன்றுவரை தெரியாது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிகிறதா என்பது சாரின் பட்டியலில் ஒரு கேள்வி. டிக் போட்டுக்கொண்டார்.

கோளாறுகளுக்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை தீவிரம் போடுவது அவர் வழக்கம். அதுவும் நீல்சனின் அளவுகோல்தான். நான்கு என்றால் பேரழிவு, வெளியிடும் முன் திருத்தியே தீரவேண்டும். நான்கு போடுவதில் சார் மகா சிக்கனம். செக்‌ஷனே முடங்கிக் கிடந்த நாளில்கூட இரண்டரை போட முடியுமா என்று பார்த்தவர்.

போன வைகாசியில் தாம்பரம் பக்கம் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார். சமையல்காரருக்கு ஆள் கணக்கு சொல்லவேண்டுமே. பெயர், எத்தனை பேர், காலை டிபனா மதியச் சாப்பாடா என்று ஒரு ஷீட் தயார் செய்து, உறவுக்காரர்கள் குரூப்பில் லிங்கைப் போட்டார். ஒரு வாரம் ஒரு கட்டமும் நிறையவில்லை. அப்புறம் மனைவியின் பெரிய மாமாவிடமிருந்து போன்.

"மாப்ளே, லிங்க் வந்துச்சு. திறந்து பார்த்தேன்."

"சுலபமாத் திறந்துச்சா மாமா?" வாய் சும்மா இருக்காது.

"நல்லாத்தான் திறந்துச்சு. தம்பி பேரு ரெண்டாவதா இருக்கு. என் பேரு பதினேழாவதா இருக்கு."

"அது அகர வரிசை மாமா. கம்ப்யூட்டரே அடுக்கிடும்."

"எங்க வீட்ல யாரு மூத்தவன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

சார் பதில் தேடுவதற்குள் அடுத்தது வந்தது. "வெத்தலை பாக்கு வெச்சு நேர்ல கூப்பிடாம, எத்தனை பேரு வர்றீங்கன்னு கேட்கிறது என்ன பழக்கம் மாப்ளே?"

அன்று ராத்திரி தன் நோட்டில், 'வரிசைப்படுத்தல் வசதி, தீவிரம் 4' என்று எழுதினார். மறுநாளே தாம்பூலத் தட்டோடு பெரிய மாமா வீட்டுக்கும், விஷயம் வெளியே தெரிவதற்குள் சின்ன மாமா வீட்டுக்கும் போய்வந்தார். ஷீட்டையும் திருத்திவிட்டார். இப்போது பெரிய மாமாவுக்குத் தனி நகல், சின்ன மாமாவுக்குத் தனி நகல், கோயம்புத்தூர் அத்தைக்கு ஒன்று. அவரவர் நகலில் அவரவர் பெயர் முதல் வரியில். எல்லா நகலையும் திறந்து, விட்டுப்போனவர்களுக்குப் போன் போட்டு, பழைய நோட்டில் இலைக் கணக்கு கூட்டியது அவர் மனைவி.