மூணும் தெரியணும்னா எப்படிடா மாப்ளே?

இன்னா மாப்ளே, பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி வந்து, சும்மா திண்ணையில குந்தாம, கிளப்புல சேர்ந்து ஏர் பிஸ்டல் சுடறே. சந்தோஷம். போன வருஷம் வரைக்கும் பத்துலயும் ஒம்பதுலயும் விழுந்தது இப்போ ஆறுலயும் ஏழுலயும் விழுதுன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு வந்திருக்கே. அதுக்கு மருந்துன்னு போன்ல படம் படமா காட்டறே. பச்சையா மின்னற முன்குறி ஒண்ணு, செவப்புப் புள்ளி போடற கண்ணாடிப் பெட்டி ஒண்ணு. அந்தப் படத்தையும் கையை நீட்டி, தலையைப் பின்னால சாய்ச்சுத்தானே பாக்கறே? வியாதி அங்கேயே பிடிபட்டுப் போச்சு. துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்ல.

இதுக்குப் பேரு வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா கலெக்டருக்கும் வரும், கலெக்டர் வீட்டு வாட்ச்மேனுக்கும் வரும். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸு எளவயசுல கிட்டப் பாக்கறதுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்கும். வயசாக வயசாக வெறச்சுப் போகும். அப்பால நீ கெஞ்சினாலும் வளையாது, மிரட்டினாலும் வளையாது. 1979-ல நம்ம காஞ்சி அத்திவரதர் குளத்துல இருந்து எழுந்தருளினப்போ நான் எளந்தாரி. கூட்டத்துக்குப் பின்னால நின்னே அவரு திருமுகத்தைப் பார்த்தேன். 2019-ல மறுபடியும் வந்தார். நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள கிடந்தவரு அப்படியேதான் இருந்தார். கரையில காத்தாட இருந்த நான்தான் மூக்குல கண்ணாடியோட போய் நின்னேன். நீ தலைக்கு மை அடிச்சு பத்து வயசைக் குறைச்சுட்டே, சரி. கண்ணுக்கு அடிக்கற மை இன்னும் கடைக்கு வரல.

வயசாயிடுச்சு, விட்டுடட்டுமான்னு மட்டும் கேக்காதே. ஆஸ்கர் ஸ்வான்னு சுவீடன் தேசத்துக் கிழவர் ஒருத்தர், 1920-ல ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ்ல ரைபிள் பிடிச்சு வெள்ளி வாங்கினப்போ வயசு 72. உத்தரப் பிரதேசத்துல ஜோஹ்ரி கிராமத்து சந்த்ரோ தோமர் அம்மா அறுபதைத் தாண்டினப்புறம்தான் முதன்முதலா கைத்துப்பாக்கியைத் தொட்டாங்க. அப்பால எத்தனையோ மெடல் வாங்கினாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நம்ம மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கின அதே போட்டியில, துருக்கிக்காரர் யூசுப் டிகெச் 51 வயசுல, வீட்டுல போடற சாதாக் கண்ணாடியோட, ஒரு கையை பேண்ட் பாக்கெட்ல விட்டுக்கினு வெள்ளி அடிச்சுட்டுப் போனார். நம்ம நடிகர் அஜித்குமார்கூட ஐம்பதைத் தாண்டினப்புறம் 2022-ல திருச்சியில நடந்த மாநிலப் போட்டியில பதக்கம் வாங்கினார். அவரு நரைச்ச தலையை மறைக்கவே இல்ல, நீ கவனிச்சியா? சரி, கவனிச்சிருக்க மாட்டே. உனக்குத்தான் கண்ணு தெரியலையே.

இப்ப விஷயத்துக்கு வரேன். நம்ம முசரவாக்கத்துல தறியில உக்காந்து பார்த்தவனுக்கு உன் கஷ்டம் புதுசு இல்ல. குழிக்குள்ள கால், தலைக்கு மேல ஜக்கார்டு, எதிர்ல நீளமா ஓடற பாவு, மடிக்கு முன்னால ஊடை வந்து விழற இடம். எல்லாத்தையும் ஒரே நேரத்துல பளிச்சுன்னு பாக்கணும்னு ஆசைப்பட்டா சேலையோட கரையும் உடலும் சேர்ற கோர்வை நழுவிடும். கண்ணு ஊடை விழற இடத்துல இருக்கணும். மத்ததெல்லாம் மங்கலாத் தெரிஞ்சா போதும்; கையும் காலும் பார்த்துக்கும்.

உனக்கும் மூணு சாமான்தான். கையருகே பின்குறி, குழல் முனையில முன்குறி, பத்து மீட்டருக்கு அந்தாண்ட அட்டை. இருவது வயசுல கண்ணு மூணுக்கும் நடுவுல துள்ளித் துள்ளி ஓடும். மூணும் ஒண்ணாத் தெரியற மாதிரி உன்னை ஏமாத்தும். இப்ப ஒண்ணுதான் தெரியும். எது தெரியணும்னு நீதான் முடிவு பண்ணணும்.

நீ இன்னா முடிவு பண்ணியிருக்கேன்னு எனக்குத் தெரியும். அட்டையைப் பாக்கறே. எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. பத்து அங்கதானே இருக்குது! கணக்கைக் கேளு. உன் பிஸ்டல்ல ரெண்டு குறிக்கும் நடுவுல ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல இருக்கும். முன்குறி, பின்குறிப் பள்ளத்துக்குள்ள ஒரு மில்லிமீட்டர் ஓரமாப் போனா, பத்து மீட்டர்ல பெல்லட் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். பத்து வட்டத்தோட அகலமே 11.5 மில்லிமீட்டர்தான். ஆனா ரெண்டு குறியும் நேரா நிக்க, கை மொத்தமா ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா, அட்டையிலயும் அதே ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதனால அட்டை கறுப்பா, உருண்டையா, மங்கலாத் தெரிஞ்சா கோடி புண்ணியம். முன்குறியோட மேல்விளிம்பு கத்தி மாதிரி தெரியணும். பட்டாளத்துல உன் உஸ்தாத் 'ஃபோர்சைட் டிப்பைப் பாரு'ன்னு தொண்டை கிழியக் கத்தினாரே, அது இதுதான்.

சரி, செவப்புப் புள்ளிப் பெட்டிக்கு வருவோம். அது கிழவனுங்களுக்கு வரப்பிரசாதம்தான், இல்லேன்னு சொல்லமாட்டேன். முன்குறி பின்குறி எதுவும் இல்ல, அட்டையைப் பார்த்தா புள்ளி அது மேலேயே மிதக்கும். ஆனா நீ சேர்ந்திருக்கறது ஏர் பிஸ்டல் போட்டி. பன்னாட்டு விதிப்படி அதுல வெறுங்குறி மட்டும்தான். பெரிசாக் காட்டற கண்ணாடி, புள்ளி போடற பெட்டி, லேசர் எதுவும் கூடாது. பவர் கண்ணாடியையும் உன் மூக்கு மேல மாட்டலாமே தவிர பிஸ்டல் மேல மாட்டக் கூடாது. காசைக் கொட்டி வாங்கிட்டு, ரேஞ்சுல 'வெளியே வை'ன்னு சொன்னப்புறம் என் பேரனுக்கு விளையாடக் குடுக்கலாம்னு பாக்கறியா?

இன்னொண்ணும் கேட்டுக்கோ. நண்பன் ஒருத்தனோட பெட்டியில பார்த்தேன், புள்ளி நட்சத்திரம் மாதிரி வெடிச்சு, வால் முளைச்சுத் தெரியுது, மட்டச் சாமான்னு சொன்னியே. அந்தப் பெட்டி வழியா போன் கேமராவை வெச்சு ஒரு படம் பிடி. படத்துல புள்ளி உருண்டையா இருந்தா சாமான் நல்ல சாமான். கோணல் உன் கண்ணுல. டாக்டருங்க அதுக்கு சிலிண்டர் பவர்னு ஒண்ணு எழுதுவாங்க. அதை எழுதி வாங்காம எந்தப் பெட்டியை வாங்கினாலும் தீபாவளிதான்.

பச்சையா மின்னற முன்குறி? இருட்டுல, அவசரத்துல சுடறவனுக்கு அது சரி. நிதானமா நின்னு பத்து அடிக்கறவனுக்குத் தொந்தரவு. மின்னற உருண்டையைக் கண்ணு பிடிச்சுக்கும், மேல்விளிம்பை விட்டுடும். ஒரு வெடி மேல, ஒரு வெடி கீழேன்னு அலையும். உன் வயசுக்கு வெளிச்சம் வாங்காத சாதாக் கறுப்புதான் தோது. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது. முன்குறிக்கு ரெண்டு பக்கமும் தெரியற வெள்ளைக் கீத்தைக் கொஞ்சம் தாராளமா விடு. போட்டிப் பிஸ்டல்ல பின்குறிப் பள்ளத்தை அகலம் பண்ணிக்கத் திருகாணி வெச்சிருப்பான். எளசுகள் ஒடுக்கமா வெச்சுக்குவாங்க. உன் கண்ணுக்கு ஒடுக்கமா வெச்சா கறுப்பும் கறுப்பும் ஒட்டிக்கினு ஒரே சுவரா நிக்கும். இதுக்குச் செலவு? ஒரு திருப்புளி.

இனிமேதான் கண்ணாடி. பேப்பர் படிக்கற கண்ணாடியை மாட்டிக்கினு போய் சுடாதே. அது நாப்பது சென்டிமீட்டர்ல இருக்கற எழுத்துக்குப் போட்டது. முன்குறி அதுக்கும் ரொம்பத் தள்ளி இருக்குது. ரெண்டு கட்டம் போட்ட பைஃபோகலும் வேணாம். கிட்டப் பார்வை கீழ்க்கட்டத்துல இருக்கறதால, மோவாயைத் தூக்கிக்கினு சுடுவே. பாக்கறவன் கோபுரத்து மேல புறா எண்ணறேன்னு நெனைப்பான். சுடற கண்ணுக்கு ஒரே பவர்ல தனிக் கண்ணாடி போடு.

பவர் எவ்வளவுன்னு நான் சொல்லக் கூடாது, டாக்டர் சொல்லணும். ஆனா டாக்டர்கிட்ட சரியாக் கேக்கத் தெரியணுமில்ல? வீட்டுல பிஸ்டலை எடுத்து, காலியான்னு ஒண்ணுக்கு ரெண்டு தரம் பார்த்துக்கோ. சுவரைப் பார்த்து, சுடற மாதிரியே கையை நீட்டி நில்லு. பக்கத்துல உன் சம்சாரத்தை நிக்க வெச்சு, கண்ணோரத்துல இருந்து முன்குறி வரைக்கும் ஊடை நூல் ஒண்ணைப் பிடிக்கச் சொல்லி முடிச்சுப் போடு. நூலை உன் கழுத்துல சுத்தாம பார்த்துக்கோ. அந்தம்மாவுக்கும் பல வருஷத்துக் கணக்கு பாக்கி இருக்குது. அந்த நூலை எடுத்துக்கினு டாக்டர்கிட்ட போ. 'சாமி, இந்த முடிச்சு பளிச்சுன்னு தெரியணும், தூரத்துல இருக்கறது மங்கினா பரவாயில்ல'ன்னு சொல்லு. பெரும்பாலும் உன் தூரப் பவர் மேல அரையோ முக்காலோதான் கூட்டுவாங்க. 1819-ல ஆரம்பிச்ச எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு எவ்வளவோ பேரு எதை எதையோ தூக்கிக்கினு போயிருப்பாங்க. நீ பிஸ்டலைத் தூக்கிக்கினு போய் வாசல்ல நின்னா டாக்டர் வரமாட்டார், போலீஸ் வேன்தான் வரும். நூலு போதும்.

சர்க்கரை ஏறி இறங்கற நேரத்துல போகாதே. அன்னிக்கு ஒரு பவர் சொல்லும், கட்டுக்குள்ள வந்தப்புறம் வேற பவர் சொல்லும். புரை விழுந்திருந்தா ஆபரேஷனுக்கு முன்னாலயே சுடற சமாச்சாரத்தைச் சொல்லிடு. உள்ளே வெக்கற சாதா லென்ஸுக்கு ஒரே தூரம்தான். வெச்சப்புறம் சொன்னா கேட்டுக்க ஆள் இருக்கும், மாத்த ஆள் இருக்காது.

எந்தக் கண்ணுல சுடறேங்கறதையும் பார்த்துக்கோ. ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவுல சின்ன சந்து வெச்சு, ரெண்டு கண்ணையும் திறந்து, தூரத்துப் பனைமரத்தோட தலையைப் பாரு. அப்பால ஒவ்வொரு கண்ணா மூடு. எந்தக் கண்ணைத் திறந்து வெச்சப்போ மரம் சந்துலயே நிக்குதோ, அதுதான் உன் எஜமான் கண்ணு. கண்ணு ரெண்டையும் இழந்து வந்த சுந்தரருக்கே நம்ம காஞ்சி ஏகம்பத்துல இடது கண்ணுதான் கிடைச்சுது. வலதுக்குத் திருவாரூர் போக வேண்டியதாச்சு. ஆகவே ரெண்டும் சமம்னு நெனைக்காதே. இன்னொரு கண்ணை இறுக்கி மூடாதே. மூஞ்சி முழுக்க இழுக்கும், சீக்கிரம் சோந்துடுவே. அந்தக் கண்ணு முன்னால 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு அட்டை மாட்டிக்க விதியே இடம் குடுக்குது. கண்ணடிக்கற வயசும் உனக்குத் தாண்டிப் போச்சு.

கடைசியா ஒரு இனாம் வைத்தியம். முஷ்டியை மடக்கி, ஊசி நுழையற மாதிரி ஓட்டை விட்டு, அது வழியா முன்குறியைப் பாரு. குறியும் அட்டையும் ரெண்டும் தெளியுதா? சின்ன ஓட்டை வழியா வெளிச்சம் ஒழுங்கா உள்ளே போகுது, அவ்வளவுதான். இதையே சுடற கண்ணாடியில ஐரிஸ்னு மாட்டித் தருவாங்க. நல்ல வெளிச்சம் இருக்கற ரேஞ்சுல மட்டும் மாட்டு. மங்கின குழல் விளக்குல மாட்டினா மொத்தமும் இருட்டிடும்.

ஆக முதல்ல டாக்டர், ரெண்டாவது கண்ணாடி, மூணாவது திருப்புளி. அப்பவும் ஆறுலயே விழுந்தா புதுக்குறி வாங்கறதைப் பத்திப் பேசுவோம். இன்னா, கண்ணாடி மாட்டினா கிளப்புல கிழவன்னு சொல்லிடுவாங்கன்னு தயங்கறியா? மாட்டாமலேயே சொல்லிக்கினுதான் இருக்காங்க மாப்ளே. உனக்குக் காதுல விழல. காதுக்கு வைத்தியம் அடுத்த வாரம் வா, சொல்றேன்.