ஒரே தராசு, ஐம்பது டிராக்டர்

கேள்வி: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸைப் பிஜிபெஞ்ச் வைத்துச் சோதித்தேன். ஓர் ஆள் என்றால் பறக்கிறது. 50 பேரை ஏவினால் திணறுகிறது. புது சர்வர் வாங்கணுமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். ஸ்கேல் எவ்வளவு கொடுத்தீர்கள்? சொல்லாமல் விட்டால் அது 1. அதாவது 1 லட்சம் கணக்கு, 10 காசாளர், ஒரே ஒரு வங்கிக் கிளை! ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்தக் கிளையின் இருப்பைத் திருத்தியாக வேண்டும். 50 பேரும் அந்த ஒற்றை வரியின் பூட்டுக்குக் காத்து நிற்பார்கள். அறுவடை நேரத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரே தராசு, வாசலில் 50 டிராக்டர் என்றால், ரோட்டை அகலமாக்கி என்ன பயன்? 'மைனஸ் ஐ, மைனஸ் எஸ் 50' என்று தட்டி 50 கிளை திறங்கள். பிறகு 10 விநாடியில் எழுந்துவிடாமல் அரை மணி ஓடவிடுங்கள். செக்பாயிண்ட் வரும்போது டிஸ்க் மூச்சு வாங்குவது அப்போதுதான் தெரியும். டீ குடிக்கவும் நேரம் சரியாக இருக்கும்.