ஒத்துக்கு இடமில்லை

சமயநல்லூருக்கு அடுத்த ஸ்டேஷன் சோழவந்தான். திண்டுக்கல் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் இறங்கிவிட வேண்டும். அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தில் இருந்த என் வாத்தியாரிடமிருந்து மாயாமாளவகௌளையை வாங்கிவர எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. 2020இல் டொராண்டோவில் இருக்கிற பையனுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றாள் என் மகள். அழுத்தினேன். பையன் தெரிந்தான். ராகம்தான் போய்ச் சேரவில்லை.

அந்த இரண்டு வருஷமும் நான் ஒத்து ஊதினேன். சுருதிப் பெட்டி வருவதற்கு முந்தைய நாகஸ்வர மேளத்தில் ஒத்து என்று ஒரு தனிக் குழல் உண்டு. விரல் வைத்து வாசிக்க அதில் ஒன்றும் இல்லை. ஒரே சுருதியை அறுபடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊரில் ‘ஒத்து ஊதுறவன்’ என்றால் ஆமாம் சாமி போடுகிறவன் என்று அர்த்தம். இந்த உவமையைக் கண்டுபிடித்தவன் ஒத்து ஊதியிருக்க மாட்டான். ஆமாம் சாமிக்குக் கன்னம் வலிக்காது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம், “எங்க வாத்தியார் பக்கத்துல உட்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாரு” என்று நானும் அளந்திருக்கிறேன். உண்மையில் அவர் உள்ளறையில் சாய்வு நாற்காலியில் கிடப்பார். நான் திண்ணையில் ஊதுவேன். சோழவந்தான் வெற்றிலை வாய் நிறைய இருக்கும்போது ‘ம்ஹூம்’ என்று ஒரு சத்தம் வரும், துப்பிவிட்டு வந்தால், “காந்தாரம் எங்கடா போச்சு, சந்தைக்கா?” என்று வரும். முகம் தெரியாது. கேமராவை அணைத்துவிட்டு வகுப்பு எடுத்த முதல் ஆள் அவர்தான்.

மார்ச் 24ஆம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். எங்களுக்கு அது பங்குனி, சித்திரை, வைகாசி என்று வருஷச் சோறே இருக்கிற மூன்று மாதம். 29ஆம் தேதி பரவை முனியம்மா இறந்தார். பக்கத்து ஊர், ‘தூள்’ படத்துக்கு அப்புறம் தமிழ்நாடே அறிந்த குரல். போக முடியவில்லை. மே 4ஆம் தேதி மீனாட்சி கல்யாணத்தைப் போனில் பார்த்தோம். என் மனைவி போனுக்கு முன்னால் நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். அழகர் மலையை விட்டே இறங்கவில்லை. அந்தக் காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கியது எங்கள் பக்கத்துத் தேனூரில்தான், திருமலை நாயக்கர்தான் மதுரைக்கு மாற்றினார் என்று இங்கே சொல்வார்கள். அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிற ஊர்க்காரர்கள்கூட அந்த வருஷம் மதுரைக்காகப் பாவப்பட்டார்கள். ஜூன் 24இல் மதுரையோடு பரவையையும் மேற்கு ஒன்றியத்தையும் சேர்த்து மறுபடி அடைத்தபோதுதான், “அப்பா, ஆன்லைன்ல எடுங்க” என்று மகள் ஆரம்பித்தாள்.

டொராண்டோவில் ஓர் அண்ணனும் தங்கையும் கிடைத்தார்கள். தாத்தாவுக்கு யாழ்ப்பாணத்து அளவெட்டி. நாகஸ்வர வித்வான் என்.கே. பத்மநாதனை நேரில் கேட்ட காது. பேரப்பிள்ளைகள் என்னை ‘அங்கிள்’ என்றார்கள். வாத்தியாரை ‘அய்யா’ என்று கூப்பிடுவதற்கே பயந்தவன் நான். பரவாயில்லை, அங்கிள் காசு மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது.

முதல் வகுப்பில் சுருதிப் பெட்டியைப் போட்டேன். அங்கே கேட்கவில்லை. சத்தம் கூட்டினேன். ஊகூம். மகள் நோண்டிப் பார்த்துச் சொன்னாள்: விடாமல் ஒரே மாதிரி வருகிற சத்தத்தை அந்தச் செயலி மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுமாம். இரண்டு வருஷம் கன்னம் நோக நான் பிடித்த வித்தைக்குப் பெயர் இரைச்சல். ஒத்து ஊதுகிறவனுக்கு இடமில்லாத ஒரே சபை உலகத்தில் இதுதான் போலிருக்கிறது. நான் நீட்டிப் பிடித்த பஞ்சமத்தையும் அது பாதியில் விழுங்கியது. வடிகட்டாமல் உள்ளபடி அனுப்ப ஒரு வழி இருந்தது, நாலு அடுக்குக்கு உள்ளே. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம்.

அடுத்தது தாளம். நான் தட்டுவது அங்கே கால் வினாடி தாமதமாகப் போகிறது. கால் வினாடி என்ன பெரிய விஷயம் என்றேன். காற்றில் சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், அப்படியானால் உங்கள் சிஷ்யன் 85 மீட்டர் தள்ளி நிற்கிறான் என்று அர்த்தம் என்றாள் மகள். இன்ஜினியரிங் படிக்கவைத்தது வீண் போகவில்லை. சுவாமி புறப்பாட்டில் தவில்காரர் பத்தடி பின்தங்கினாலே திரும்பி முறைப்பவன் நான். கடைசியில் சேர்ந்து வாசிப்பதையே விட்டோம். நான் ஒரு பிடி ஊதி நிறுத்துவேன், அவர்கள் ஊதுவார்கள், நான் ‘ம்ஹூம்’ என்பேன்.

நாள் பொழுதும் குழம்பியது. எனக்குக் காலை ஆறு, அவர்களுக்கு முந்தைய நாள் ராத்திரி எட்டரை. விடியலுக்கான பூபாளத்தைச் சொல்லிக் கொடுத்தேன். தங்கச்சி கொட்டாவி விட்டாள். ஊதுற சங்கை ஊதிவைப்போம், விடியும்போது விடியட்டும் என்பது எங்கள் தொழிலுக்கே சொன்ன பழமொழி. ஆனால் விடிய ஒன்பதரை மணி நேரம் இருக்கும்போது ஊதச் சொன்னதில்லை. இதில் இலவசக் கணக்கு என்பதால் நாற்பது நிமிஷத்தில் அறுந்துவிடும். ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசித்த தோடியையே மூன்று, மூன்றரை நிமிஷம் ஓடுகிற இசைத்தட்டில் அடக்கித்தானே நாங்கள் கேட்டோம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சமாதானம் செய்ய முடியாத இடம் சீவாளி. காவிரிக்கரைக் கொறுக்கையில் செய்கிற அந்தச் சின்ன நாக்கில்தான் நாகஸ்வரத்தின் உயிர் இருக்கிறது. எனக்குச் சரியாகப் பேசவில்லை என்றால் வாத்தியார் என் வாயிலிருந்து பிடுங்கித் தன் வாயில் வைத்து ஊறப்போடுவார். பல்லால் ஒரு கடி, கத்தியால் இரண்டு சீவல், திருப்பிக் கொடுப்பார். வெற்றிலைச் சிவப்போடு அதை நான் வாயில் வைத்துக்கொள்வேன். அவர் எனக்குக் கொடுத்ததில் பாதி எச்சில்தான். மனுஷன் எச்சிலுக்கு உலகமே பயந்த வருஷத்தில் நான் குருவாகியிருந்தேன்.

அங்கே குளிருக்கு ஹீட்டர் போட்டார்கள். சீவாளி காய்ந்து வாய் பிளந்துகொண்டது. பையன் அதைக் கேமராவில் காட்டினான். மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டு. “நாக்குல ஊறவை, லேசா அமுக்கு, இன்னும் லேசா...” வாயால் சொல்லி ஆகிற காரியமா? பின்னாலிருந்து கிழவர் குரல் வந்தது: “தம்பி, இஞ்சை கொண்டு வா அதை.” வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். எண்பது வயசு, முகக்கவசம் தாடையில் தொங்கியது. தடுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். பையன் திரும்ப ஊதியபோது சட்ஜமம் கல்லு மாதிரி நின்றது.

இங்கே கல்யாணங்களுக்கு ஐம்பது பேர் என்று கணக்கு வந்தது. எங்களையும் எண்ணிக்கையில் சேர்த்தார்கள். நாற்பது வருஷமாக மண்டபத்தில் எங்களை ஆளாக யாரும் எண்ணியதில்லை. எண்ணத் தொடங்கியதுமே முதலில் குறைத்தது எங்களைத்தான். திரையில் ‘மியூட்’ பொத்தானைப் பார்த்துச் சின்ன வித்வான்கள் கோபப்பட்டார்கள். எனக்கு வரவில்லை. முகூர்த்தத்தில் நான் கல்யாணியை விரிக்கும்போது, “ஏப்பா, கொஞ்சம் நிறுத்து, மைக்ல மொய் வாசிக்கணும்” என்று நீட்டிய எத்தனை விரல்களைப் பார்த்தவன்.

எல்லாம் திறந்து இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. ரயில் ஓடுகிறது, அழகர் இறங்குகிறார். போன வாரம் பின்தெருப் பையன் போன் செய்தான். “சார், மழை தூறுது. இன்னிக்கு ஆன்லைன்ல வெச்சுக்கலாமா?” அவன் வீட்டு ஓடு என் மாடியிலிருந்து தெரியும். சரி என்றேன். அவன் ஊத ஆரம்பித்தான். ஜன்னல் வழியாக முதலில் வந்தது காந்தாரம், சுத்தமாக, மழை வாசனையோடு. ‘சபாஷ்’ என்று வாயெடுப்பதற்குள் அதே காந்தாரம் போன் வழியாக மூக்கடைத்துக்கொண்டு வந்தது. என் சபாஷ் எந்தக் காந்தாரத்துக்கு என்று பையனுக்குக் குழப்பம். மறுபடி ஊதினான். மறுபடி இரண்டாக வந்தது.

“அப்பா, எக்கோ அடிக்குது பாருங்க,” என்று மகள் வந்து ஜன்னலைச் சாத்தினாள்.