சாஆ விமானியின் கைக்கடிகாரங்கள்

யோங் பெங்கிற்கும் லாபிஸுக்கும் நடுவே, செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த எங்கள் சாஆவில் விமானம் என்பது, மேகத்துக்கு மேலே யாரையோ எங்கோ ஏற்றிக்கொண்டு போகும் ஒரு சப்தம் மாத்திரமே. அப்படிப்பட்ட ஊரில், நாற்காலியின் மேல் ஏறி நின்றாலே தலை சுற்றும் சரீரத்தை வைத்துக்கொண்டு, விமானிகளுக்கென்றே செய்யப்பட்ட பழைய குரோனோகிராஃப் கடிகாரங்களை நான் சேகரித்து வருவதைக் கண்டும் என் மனைவி மௌனம் சாதிப்பதை, அவளுடைய பொறுமைக்கு அத்தாட்சியாகவே கொள்கிறேன்.

மணி காட்டுவதோடு நில்லாமல், பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் ஓடவும் மறுபடி அமுக்கினால் நிற்கவும் கூடிய தனி விநாடி முள்ளை உடையது குரோனோகிராஃப். பூமி கண்ணுக்கு மறைந்துபோன சமயத்தில், திசைகாட்டியையும் இந்த முள்ளையும் நம்பி, இத்தனை நிமிஷம் வடக்கே, அப்புறம் இத்தனை நிமிஷம் கிழக்கே என்று விமானி பறந்தான். திரும்பும் இடத்தில் முள்ளை நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கொணர்ந்து, மீண்டும் ஓடவிட அவனுக்கு அவகாசம் இராதாகையால், ஒரே அமுக்கலில் இம்மூன்றும் நடந்தேறும்படி ஓர் உபாயம் செய்தார்கள். பிரெஞ்சு ஆகாயப் படைக்காக பிரேகே முதலிய கம்பெனிகள் 1950-களில் செய்த ‘டைப் 20’ கடிகாரங்களின் பிரக்யாதிக்கு இதுவே காரணம். 1952-இல் பிறந்த பிரைட்லிங் நேவிடைமரோ, முகப்பின் விளிம்பிலேயே வட்டமான கணக்குச் சட்டம் ஒன்றை வைத்து, பெட்ரோல் எவ்வளவு செலவாகும் என்பதையும் சொல்லிவிடும். அதன் இன்றைய விலையைக் கணக்கிடத்தான் அந்தச் சட்டத்தில் இடம் போதாது.

என் போன்றோரின் சம்பளத்துக்கு எட்டியது, 1969-இல் வெளிவந்த சீக்கோ 6139. வில்லியம் போக் என்ற அமெரிக்க விண்வெளி வீரர், 1973-இல் ஸ்கைலாபுக்குப் போனபோது, நாஸா அங்கீகரித்த கடிகாரம் ஒன்று இருந்தும், மஞ்சள் முகப்புடைய இந்தக் கடிகாரத்தையும் அனுமதியின்றிக் கொண்டுபோனார். அதனால் மஞ்சளுக்கு வந்த கிராக்கியில், எந்த நிறமாகவோ பிறந்த முகப்புகளெல்லாம் சாயம் பூசிக்கொண்டு மஞ்சளாகிவிட்டன.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை ஒன்றில் அப்படியொன்றைக் கையிலெடுத்தேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, குளுவாங்குல இருந்த வெள்ளைக்கார பைலட் கட்டினது, கம்யூனிஸ்டு சண்டை காலத்துல!” என்றார். குளுவாங்கில் விமானதளம் உண்டென்பது வாஸ்தவம். ஆகவே கதைக்கு அஸ்திவாரம் பலமாகவே இருந்தது. ஆனால் சீக்கோவின் பின்மூடியிலுள்ள எண்ணில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். இதில் 3, 7 என்றிருந்தது; அதாவது 1973 ஜூலை. அந்தக் கம்யூனிஸ்டு சண்டை நடந்த அவசரகாலமோ 1960-இலேயே முடிந்துவிட்டது. கடிகாரம் செய்யப்படுவதற்குப் பதின்மூன்று வருஷங்களுக்கு முன்பே துரை அதைக் கட்டியிருக்கிறாரே என்று விநயமாகக் கேட்டேன். கடைக்காரர் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

“அதனாலதான் அண்ணே ரேர் பீஸ்!”

இப்பேர்ப்பட்ட சாமர்த்தியத்துக்கு ஒரு விலை உண்டல்லவா? கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தக் கடிகாரத்தின் விளிம்பில் டாக்கிமீட்டர் என்ற அளவும் இருக்கிறது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க 45 விநாடி ஆனால், முள் நின்ற இடத்தில் வேகம் 80 என்று காட்டும். ஆகாயத்தில் பரீட்சிக்க வழியில்லாமையால், கூட்டரசுச் சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லருகே மைத்துனர் மகனைக் கைப்பேசியோடு நிறுத்தி, அடுத்த கல்லருகே நான் நின்றேன். “தாண்டிருச்சு மாமா!” என்று அவன் கத்தியதும் பொத்தானை அமுக்கினேன். செம்பனைக் குலை ஏற்றிய முதல் லாரி 80 வேகத்தில் பறந்து வந்தது. சாலையோரத்தில் கடிகாரமும் கையுமாக நின்ற என்னை ஜே.பி.ஜே. என்னும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அதிகாரி என்று அதன் டிரைவர் நினைத்து, பின்னால் வந்த தோழர்களுக்கும் தகவல் சொல்லிவிட்டார் போலும். மற்ற லாரிகளெல்லாம் பரம சாதுவாக ஊர்ந்தே வந்தன. டாக்கிமீட்டரிலோ 60-க்குக் கீழே எண்ணே கிடையாது. ஆகவே, விமானிகளின் கடிகார சாஸ்திரப்படி, அன்று மாலை சாஆ வழியாக ஒரே ஒரு லாரிதான் போயிற்று.