அடிப்பக்கம் மட்டும், அண்ணே!

புலியைப் படமெடுப்பவர்கள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே எடுத்துவிடுகிறார்கள். பறவைக்காரர்களுக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்துவலி வரும், அவ்வளவுதான். காளான்காரனுக்கு மட்டும் சாஷ்டாங்க நமஸ்காரம். காளானின் ஜாதகமெல்லாம் குடைக்கு அடியில் இருக்கிறது. அங்கே இருப்பது மடிப்பா, துளையா? மடிப்பு தண்டைத் தொடுகிறதா, எட்ட நிற்கிறதா? தண்டில் வளையம் உண்டா? அடியில், மண்ணுக்குள், கிண்ணம் போல ஏதாவது உண்டா? மேலிருந்து எடுத்த அழகான படம் காலண்டருக்குத்தான் ஆகும்.

கொடைக்கானல் சோலைக்குள் ஐப்பசி மழையில் அப்படித்தான் குப்புறப் படுத்திருந்தேன். அட்டைகளுக்கு அன்று விருந்து.

"சார், காட்டுமாடு நின்னு பாக்குது. எந்திரிங்க" என்றார் துணைக்கு வந்த வனக்காவலர்.

"ஒரே நிமிஷம்ணே, அடிப்பக்கம் மட்டும்."

"அதுக்கும் இப்ப உங்க பின்பக்கம் மட்டும்தான் சார் தெரியுது."

பைன் மரங்களுக்கு அடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளியோடு நிற்குமே, அமானிட்டா மஸ்காரியா, அதனால் தொல்லையே இல்லை. வெளிநாட்டு மரங்களின் வேரோடு ஒட்டிக்கொண்டு மலையேறியது. தூரத்திலிருந்தே பெயர் சொல்லிவிடலாம். உயிரை வாங்குவது பழுப்புக் காளான்கள்தான். நுண்ணோக்கி இல்லாமல் பிரித்தறிய முடியாத பல வகைகளை நிபுணர்களே 'சின்னப் பழுப்புக் காளான்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். இவ்வளவு நாணயமான அறிவியலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காட்டிலிருந்து எதையும் பறித்து வரக்கூடாது. ஆகவே ஆராய்ச்சியின் மிச்சம் வீட்டுப் புல்தரையில். மழை விட்டதும் அங்கே வெள்ளை வெளேரென்று குடை விரித்திருந்ததில் ஒன்றைப் பறித்து, பாதி வெள்ளை பாதி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடிவைத்தேன். ராத்திரி முழுக்க விதைத்தூள் உதிர்ந்து காகிதத்தில் படியும். வெள்ளைத் தூள் கறுப்பில் தெரியும், கறுப்புத் தூள் வெள்ளையில் தெரியும்.

காலையில் அத்தைதான் முதலில் டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். "ஏண்டா, பச்சையா இருக்கே?"

பச்சைத் தூள் என்றால் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்றால் வாந்தியும் பேதியும்தான்.

"பூச்சி அரிச்சிருக்கு பாரு. பூச்சி திங்கிறது மனுஷனுக்கு ஆகாதா?"

ஐரோப்பாவில் 'மரணக் குடை' என்றொரு காளான் உண்டு, நத்தை அதை ஆனந்தமாகத் தின்னும் என்று ஆரம்பித்தேன். மனிதன் தின்றால் அரைநாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அப்புறம் குணமானது போல ஒருநாள் எழுந்து உட்காருவான். அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். வெள்ளிக்காசு போட்டுக் கொதிக்க வைத்தாலும் காசு விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. பிழைத்து வந்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: நன்றாக இருந்ததாம்.

அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப ருசியாத்தான் இருக்கும்னு சொல்லு."