பொருத்தம் பார்த்த காலம்

2001 மே மாத ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு கதை வந்தது. கட்டுரை என்றுதான் போட்டிருந்தார்கள். எழுதியவர்கள் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லஸிலா. பீட் என்பவரின் வீட்டில் பீட்டில்ஸ் பாட்டு அலறுகிறது. போன் அடிக்கிறது. எடுத்ததும் சுற்றியுள்ள சாதனங்கள் தாமாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பேசுவது சகோதரி லூசி, டாக்டரின் கிளினிக்கிலிருந்து. அம்மாவுக்குத் தொடர்ந்து பிசியோதெரபி தேவையாம். லூசியின் மென்பொருள் ஏஜென்ட், டாக்டரின் ஏஜென்டிடம் சிகிச்சை விவரத்தை வாங்குகிறது. அம்மாவின் இன்சூரன்ஸை ஏற்கிற, வீட்டிலிருந்து 20 மைலுக்குள் இருக்கிற, நல்ல பெயர் எடுத்த மையங்களைத் தேடுகிறது. இருவருக்கும் ஒழிகிற நேரம் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. திட்டத்தில் வந்த ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருப்பது பீட்டுக்குப் பிடிக்கவில்லை. தன் ஏஜென்டிடம் சொல்லி மாற்றிக்கொள்கிறார். சுபம்.

இதன் ஜெராக்ஸ் பிரதி எங்கள் ஆய்வகத்தில் மடிப்புகள் கிழியும்வரை சுற்றியது. நாங்கள் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் பிஎச்டி மாணவர்கள். அமெரிக்க இன்சூரன்ஸ் எப்படி நடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏஜென்ட் எப்படி நடக்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. மையங்களின் நற்பெயரை நம்பகமான மதிப்பீட்டுச் சேவைகளிடம் விசாரித்ததாகக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி உண்டு. யார் அந்தச் சேவைகள், அவற்றை நம்பகமானவை என்று சொன்னது யார் என்றெல்லாம் இல்லை. மஞ்சள் ஹைலைட்டரில் பாதிக் கட்டுரை குளித்திருந்தது. இந்த வரி மட்டும் உலர்ந்தே இருந்தது.

வெப் சர்வீஸ் அப்போது புது மோகம். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளை இணையம் வழியே கூப்பிட்டு வேலை வாங்கும். பேசுவதற்கு ‘சோப்’ என்றொரு நெறிமுறை. என்ன கேட்டால் என்ன கிடைக்கும் என்று எழுதிவைக்க டபிள்யூஎஸ்டிஎல். யாரிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க யுடிடிஐ. இந்தக் கடைசி ஏற்பாட்டை ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா ஆகிய மூவரும் சேர்ந்து 2000 செப்டம்பரில் அறிவித்தார்கள். டெலிபோன் டைரக்டரி மாதிரியே வெள்ளைப் பக்கம், மஞ்சள் பக்கம், போதாக்குறைக்குத் தொழில்நுட்ப விவரத்துக்குப் பச்சைப் பக்கம். உலகத்துக்கே பொதுவாக ஒரு பதிவகமும் திறந்தார்கள். எந்த நிறுவனமும் தன் சேவையை அதில் பதியலாம். எந்த மென்பொருளும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

நாங்களும் போய்ப் பார்த்தோம். பதிந்தவர்களில் பலர் பதிந்து பார்ப்பதற்காகவே பதிந்திருந்தார்கள். எங்கே தொட்டாலும் ‘டெஸ்ட்’. மருந்துக்கும் பிசியோதெரபி இல்லை.

ஆனால் எங்களுடைய குறை அதுவல்ல. எங்களுக்கு அர்த்தக் குறை. டபிள்யூஎஸ்டிஎல்லில் ஒரு சேவை, “ஒரு சொல்லைக் கொடு, ஒரு தசம எண்ணைத் தருகிறேன்” என்கிறது. பக்கத்துச் சேவையும் அட்சரம் பிசகாமல் அதையே சொல்கிறது. முதலாவது பங்கு விலை சொல்வது, இரண்டாவது ஊரின் வெப்பநிலை சொல்வது. மனிதன் பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே இயந்திரத்துக்கு அர்த்தம் ஊட்ட வேண்டும். ஊட்டும் சங்கு ஆன்டாலஜி: உலகத்தில் என்னென்ன வகைகள் உண்டு, எது எதற்குள் அடங்கும், எது எதோடு சேராது என்று லாஜிக்கில் எழுதிவைக்கும் பட்டியல்.

ஆன்டாலஜி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமே? இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2004-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உதாரணம் முழுக்க ஒயின். எந்தத் திராட்சை, எந்த வட்டாரம், எந்த உணவுக்குச் சிவப்பு, எதற்கு வெள்ளை. எங்கள் குழுவில் பலர் வெங்காயமே வாங்காத வீடுகளிலிருந்து வந்தவர்கள். மீனுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்பதை அவர்கள் தர்க்கப்படி நிறுவிக் காட்டினார்கள்.

வெப் சர்வீஸுக்கு என்றே பிறந்த ஆன்டாலஜி ஓடபிள்யூஎல்-எஸ். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்ப்பாவின் பணத்தில் முளைத்தது. ஒவ்வொரு சேவைக்கும் மூன்று பகுதியாக விளக்கம் எழுத வேண்டும்: அது என்ன செய்யும், எப்படிச் செய்யும், எப்படிக் கூப்பிடுவது. உள்ளே போவது, வெளியே வருவது மட்டும் போதாது. தொடங்குமுன் உலகம் எப்படி இருக்க வேண்டும், முடிந்தபின் உலகம் எப்படி மாறியிருக்கும் என்பதையும் தர்க்கச் சூத்திரமாகச் சொல்ல வேண்டும். புத்தகம் வாங்கும் சேவையென்றால், முன்நிபந்தனை செல்லுபடியாகும் கிரெடிட் கார்டு. விளைவு, கணக்கில் பணம் குறைவது, புத்தகம் கைமாறுவது. இதை விளக்க அவர்கள் வைத்திருந்த கற்பனைக் கடையின் பெயர் காங்கோ. அமேசானை நினைத்துத்தான். கற்பனை விமான நிறுவனம் ஒன்றும் உண்டு, பிராவோ ஏர். நான் கண்டவரை பூமியிலேயே மிக நுணுக்கமாக விவரிக்கப்பட்ட விமான நிறுவனம் அதுதான். ஒரு பயணிகூட அதில் ஏறியதில்லை.

தேடலில்தான் எனக்குச் சொந்த ஈடுபாடு. 2002-இல் பவோலூச்சி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு முறை சொன்னார்கள். கேட்பவரின் தேவையையும் சேவையின் விளக்கத்தையும் எதிரெதிரே வைத்து நான்கு தரமாகப் பிரிக்க வேண்டும். அச்சாகப் பொருந்துவது முதல் தரம். சேவை கேட்டதைவிடப் பொதுவானதைத் தருவது அடுத்தது: வாகனம் விற்பவரிடம் கார் இருக்கும் என்று கொள்ளலாம். கேட்டதில் ஒரு பகுதியை மட்டும் தருவது மூன்றாவது. நான்காவது, ‘ஃபெயில்’. முதல் தடவை படித்தபோதே உடம்பு சிலிர்த்தது. நம்மூரில் ஜோசியர் நோட்டைப் புரட்டி உத்தமம், மத்திமம், அதமம் என்று தாம்பூலத்துக்குச் சொல்வதை, இவர்கள் நிரூபணத்தோடு சொல்கிறார்கள்.

இந்தப் பொருத்தம் பார்க்க நான் எழுதிய மேட்சர் பெரும்பாலும் நான்காவதைத்தான் சொல்லும். ஒருவர் ‘விலை’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘கட்டணம்’ என்று. இரண்டும் உறவு என்று ஆன்டாலஜியில் யாரும் சொல்லிவைக்கவில்லையென்றால், உறவில்லை. முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிடும். ‘ஃபெயில்’.

இதையெல்லாம் சோதிக்கச் சேவைகள் வேண்டும். நிஜ உலகம் அர்த்த விளக்கத்தோடு சேவைகளை வெளியிட மறுத்ததால், ஆய்வாளர்களே ஒரு தொகுப்பு செய்துகொண்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் விளக்கங்கள். அதில் வரும் தேடல்களையும் சேவைகளையும் இன்றும் மறக்க முடியவில்லை. ஏவுகணைக்கு அரசு ஒதுக்கும் நிதியைச் சொல்லும் சேவை. இன்ன விலைக்குள் கோலா தரும் சேவை. காபிக்கும் விஸ்கிக்கும் சேர்த்து விலை சொல்லும் சேவை; எந்தக் கடையில் இவை ஒரே கவுன்டரில் விற்கும் என்று நான் கேட்டதில்லை. என் ஆய்வேட்டில் ஏவுகணை நிதியும் கோலாவும் அட்டவணை அட்டவணையாக வந்தன. துல்லியம், மீட்பு, வரைபடம் எல்லாம் உண்டு. புறத்தேர்வாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் பட்டம் கொடுத்தார்.

சேவைகளைக் கோப்பது இன்னொரு கூட்டத்தின் வேலை. தனித்தனிச் சேவைகளை இயந்திரமே வரிசைப்படுத்தி ஒரு பெரிய வேலையை முடிக்க வேண்டும். மேரிலாண்டில் ஷாப்2 என்ற திட்டமிடும் மென்பொருளைக் கொண்டு செய்தார்கள். ஷீலா மெக்கில்ரெய்த்தும் அவர் சகாவும் கோலாக் என்ற தர்க்க மொழியில் செய்தார்கள். தொழில்துறையோ இந்த வம்பே வேண்டாமென்று, மனிதனே கையால் வரிசை எழுதும் பிபெல் மொழிக்குப் போய்விட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் உதாரணம் அநேகமாகப் பயணம்தான்: விமானம், ஹோட்டல், டாக்ஸி. ஒரு தலைமுறையே காகிதத்தில் ஊர் ஊராகப் பறந்தது. அப்படியொரு கட்டுரையை வாசிக்க நிஜமாகவே வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக வேண்டி வந்தபோது, பாண்டி பஜார் பக்கம் ஒரு டிராவல்ஸில்தான் டிக்கெட் போட்டேன். கடைக்கார அண்ணன் விமானம், தங்குமிடம், விசா மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக் கோத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு விமானம் ரத்தானபோது மாற்று ஏற்பாடும் செய்தார். எங்கள் ஆய்வில் அந்தப் பகுதிக்கு ‘எதிர்காலப் பணி’ என்று தலைப்பு.

வெளியே உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 2002-இல் அமேசான் தன் சேவைகளைத் திறந்தபோது சோப்பிலும் தந்தது, சாதாரண இணைய முகவரியாகவும் தந்தது. நிரலர்கள் பெரும்பாலும் முகவரிப் பக்கமே சாய்ந்தார்கள். கூகுள் தன் சோப் தேடல் சேவைக்குப் புது அனுமதி கொடுப்பதை 2006 டிசம்பரில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜனவரியில் யுடிடிஐயின் பொதுப் பதிவகத்தை மூடினார்கள். மூடும்போது, எதை நிரூபிக்கத் தொடங்கினோமோ அதை நிரூபித்துவிட்டோம் என்று சொன்னார்கள். இப்படி ஒரு வாக்கியம் கைவசம் இருந்தால் எதையும் மூடலாம். ஓடபிள்யூஎல்-எஸ் 2004-இல் டபிள்யூ3சியிடம் சமர்ப்பிக்கப்பட்டு, சமர்ப்பிக்கப்பட்டதாகவே இருந்தது. 2007-இல் தரநிலையாகத் தேறியது எஸ்ஏடபிள்யூஎஸ்டிஎல் என்ற சின்ன ஏற்பாடு. முழு ஜாதகம் வேண்டாம், விருப்பமிருந்தால் ஓரத்தில் நட்சத்திரத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு அது இறங்கி வந்திருந்தது.

நிஜத்தில் சேவையைத் தேடியது யார்? பக்கத்து சீட்டுக்காரர். “பேமென்ட்டுக்கு எதுப்பா நல்லா இருக்கு?” என்று டீக்கடையில் கேட்பார்கள். ஒருவர் பெயர் சொல்வார். விளக்கப் பக்கத்தைத் திறந்து, மாதிரி நிரலை நகலெடுத்து ஒட்டி, சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார்கள். பதிவகத்தில் கண்டுபிடித்த ஓர் அந்நியச் சேவையிடம் தன் வாடிக்கையாளரின் கார்டு எண்ணை எந்தக் கம்பெனியும் கொடுக்கத் தயாராக இல்லை. அர்த்தம் விளங்காததால் அல்ல; நன்றாகவே விளங்கியதால்.

பெரிய அளவில் சேவைகள் கோக்கப்பட்ட இடங்களைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் வந்த யுபிஐயில் ஒரு வங்கியின் செயலியிலிருந்து இன்னொரு வங்கியின் கணக்குக்குப் பணம் போகிறது. நடுவில் தர்க்கம் பார்க்கும் எந்த ரீசனரும் ‘கணக்கு’ என்பதற்கு வரையறை தேடவில்லை. யார் உள்ளே வரலாம், செய்தியில் எந்தக் கட்டத்தில் எது வரும், பணம் தொங்கினால் எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் மனிதர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்து, கையெழுத்தும் போட்டிருந்தார்கள். இணைய வணிகத்துக்கான ஓஎன்டிசியும் அப்படித்தான்: தேடு, தேர்ந்தெடு, உறுதிசெய் என்று முன்கூட்டியே பேசிவைத்த சொற்கள், பதிவான உறுப்பினர்கள், ஒரு ரூல் புத்தகம். எங்கள் ஆய்வில் இந்தக் கூட்டங்களுக்கு இடமே கிடையாது. கூட்டத்தை ஒழிப்பதுதான் எங்கள் லட்சியம்.

இப்போது 2020-கள். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ‘சீனியர்’ என்று சொல்லத்தக்க வயதில் இருக்கிறேன். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மொழி மாதிரிகளுக்கு வெளி நிரல்களைக் கூப்பிடும் வசதி கொடுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. இதில் சேவைக்கு ‘டூல்’ என்று பெயர். அதன் அர்த்தத்தை எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? வாக்கியமாக. “ஊரின் பெயரைக் கொடுத்தால் இன்றைய வெப்பநிலையைச் சொல்லும்.” அவ்வளவுதான். மாதிரி அதைப் படித்துப் புரிந்துகொள்கிறது. விலையும் கட்டணமும் உறவு என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தமிழில் கேட்டாலும் இங்கிலீஷில் விளக்கம் எழுதிய டூலைத் தேடி எடுத்துவிடுகிறது. ஒரு டூலின் விடையை இன்னொன்றுக்குக் கொடுத்து, மூன்றாவதையும் கோத்து முடிக்கிறது. எங்கள் குழு வருடக்கணக்கில் கட்டியதை, சென்ற ஆண்டு சேர்ந்த ஒரு பையன் மத்தியானச் சாப்பாட்டுக்குள் செய்து காட்டினான். அழகாகவே இருந்தது. பொறாமையில் குறை சொல்ல நினைத்தும் முடியவில்லை.

பிறகு குறை கிடைத்தது. சோதனைக்காக ரயில் டிக்கெட் டூலை அகற்றிவிட்டு, மதுரைக்கு ரயில் டிக்கெட் போடச் சொன்னோம். எனது பழைய மேட்சராக இருந்தால் ‘ஃபெயில்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கும். இந்தப் புது ஏஜென்ட் பஸ் டூலை எடுத்தது. ஸ்லீப்பரில் ஒரு சீட் போட்டது. “உங்கள் மதுரைப் பயணம் உறுதியாகிவிட்டது” என்றது. இல்லை என்று சொல்லத் தெரிந்த இயந்திரத்தை ஒருவரும் வாங்கவில்லை. இல்லை என்று சொல்லவே வராத இயந்திரத்துக்கு இப்போது மாதச் சந்தா கட்டுகிறோம்.

முன்நிபந்தனை, விளைவு எல்லாம் என்னவாயிற்று என்று எம்சிபி ஆவணத்தில் தேடினேன். இருக்கின்றன, இளைத்துப்போய். இந்த டூல் படிக்க மட்டுமா, அழிவு செய்யக்கூடியதா, இரண்டு தடவை கூப்பிட்டால் பரவாயில்லையா என்று ஆம்-இல்லைக் குறிப்புகள். ஒன்றுமே சொல்லாவிட்டால் அழிவு செய்யக்கூடியது என்றே கொள்ளப்படும்; இதை எழுதியவருக்கு உலக அனுபவம் உண்டு. கூடவே ஓர் எச்சரிக்கை: நம்பகமான இடத்திலிருந்து வந்தாலொழிய இந்தக் குறிப்புகளை நம்ப வேண்டாம். உலர்ந்த வரிக்குக் கடைசியில் ஹைலைட்டர் விழுந்துவிட்டது. 2025 செப்டம்பரில் எம்சிபிக்கு ஒரு பொதுப் பதிவகமும் முன்னோட்டமாக வந்தது. ஆமாம், பதிவகம்.

எங்கள் ஆபீஸில் பில்லிங் குழுவும் டெலிவரி குழுவும் ஆளுக்கொரு ‘வாடிக்கையாளர் விவரம்’ டூல் வைத்திருக்கின்றன. ஏஜென்ட் எதை எடுக்கும் என்பது அதனதன் விளக்க வாக்கியத்தைப் பொறுத்தது. பில்லிங் பையன் தன் விளக்கத்தில் “இதுவே அதிகாரபூர்வமானது” என்று சேர்த்தான். மறுநாள் டெலிவரி பெண், “மற்ற டூல்களுக்கு முன் இதையே அழைக்கவும்” என்று சேர்த்தாள். அவன், “மற்றவை காலாவதியானவை” என்றான்.

“அது உண்மையாப்பா?” என்று கேட்டேன்.

“ஒர்க் ஆகுது சார்.”

ஒரே வாரத்தில் இரண்டு விளக்கங்களும் தேர்தல் துண்டறிக்கை அளவுக்கு நீண்டன. மேலதிகாரி கூட்டம் போட்டார். இனி எல்லா டூலையும் ஒரே இடத்தில் பதிய வேண்டும், விளக்கத்தைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும், பொதுச் சொற்களுக்கு வரையறை எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. குழுவுக்குத் தலைவர் யார் என்றபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “சாருக்குத்தான் இதுல எக்ஸ்பீரியன்ஸ்.”

முதல் கூட்டத்தில் முதல் பொருள்: வாடிக்கையாளர் என்பவர் யார். பணம் கட்டுபவர் என்றது பில்லிங். பார்சலை வாங்கிக்கொள்பவர் என்றது டெலிவரி. தீபாவளிக்குப் பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஆர்டர் போட்டு, மயிலாப்பூரில் அம்மா வாங்கிக்கொண்டால்? ஒரு மணி நேரம் போனது. வெள்ளிக்கிழமை மறுபடியும் கூடுகிறோம். சட்டப் பிரிவிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறோம்.